சோதனை இல்லாத வாசல்

மழை நாட்களில் மட்டும் ஒரு பெண் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு எதிரே வந்து நிற்பாள். குளத்துக் கட்டைச் சுவரில் முதுகைச் சாய்த்து, ஒரு சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு, எங்கள் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள். இடுப்பில் ஒரு பெண் குழந்தை. வெயில் அடித்தால் ஆளைக் காணக் கிடைக்காது.

பள்ளிக்கூடம் என்றால் பெரிய கட்டடம் இல்லை. டி வோஸ் துரைசானி தன் கணவர் இறந்த பிறகு வீட்டு முன்கூடத்தில் பிள்ளைகள் உட்காரச் சில வாங்குகளைப் போட்டு நடத்திய பெண்பிள்ளைகள் பள்ளி அது. ரெயில் வந்ததிலிருந்து கண்டியில் கிளாக்கர்மார் பெருகியிருந்தார்கள். அவர்களுடைய பெண்களும் சில கடைக்காரர் பெண்களும் படித்தார்கள். நான் சின்னப் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடுத்தேன்; இங்கிலீஷ் தெரியாத பெற்றோர் வந்தால் இடையில் நின்று மொழி பெயர்த்தேன். பிள்ளைகள் துரைசானியைப் பெரிய மிசி என்றும் என்னைச் சின்ன மிசி என்றும் கூப்பிடுவார்கள்.

"அவள் வீட்டை நோட்டம் பார்க்கிறாள். மழையில் காலடி ஓசை கேட்காது. அதனால்தான் மழையில் வருகிறாள்" என்றார் பெரிய மிசி. அன்றே வெள்ளிக் கரண்டிகள் முன்கூடத்து அலுமாரியிலிருந்து உள்ளறை அலுமாரிக்கு இடம் மாறின.

சமையற்காரர் வீரய்யாவுக்கும் அவள் மேல் சந்தேகம் இருந்தது. ஆனால் அது வேறு விதம்.

"சின்ன மிசி, அந்தப் பொம்பள என்னைய வழி மறிச்சு விசாரிக்கிறா. புள்ளைகளுக்கு மாட்டு எலும்பு போட்டுக் கஞ்சி காய்ச்சுறியா, தலையில தண்ணி ஊத்திப் பேரை மாத்துறாங்களா, படிச்ச புள்ளைகளக் கப்பல்ல ஏத்துறாங்களான்னு கேக்குறா. ஏத்துறதா இருந்தா மொதல்ல என்னையத்தானே ஏத்தியிருப்பாங்கன்னேன். ஒன்னைய ஏத்துனா கப்பல் கவுந்துருமேங்கிறா!"

வீரய்யா பருத்த மனிதர். அவருக்கு அந்தக் கடைசிப் பேச்சுத்தான் ஆறவில்லை.

அவள் பெயர் அங்கம்மா. மழையில் மட்டும் வந்ததன் காரணம் பின்னால்தான் எங்களுக்குத் தெரிந்தது. ரெயில்வே ஸ்டேஷனுக்குக் கீழே இருந்த கோப்பிக் கிட்டங்கியில் அவள் கொட்டை பொறுக்குகிறவள். தோட்டங்களிலிருந்து வண்டிகளில் வரும் கோப்பியை அங்கே களத்தில் பரப்பிக் காயவைப்பார்கள். தோல் நீங்கிய கொட்டையைப் பெண்கள் தரையில் உட்கார்ந்து கறுப்பு வேறு, உடைசல் வேறு, கல் வேறாகப் பிரிப்பார்கள். வெயில் இல்லாவிட்டால் களம் இல்லை. களம் இல்லாவிட்டால் பெண்களுக்கு வேலை இல்லை. அந்த நாட்களில்தான் அவள் எங்களை வேவு பார்க்க வந்தாள்.

கோப்பித் திருட்டுப் பேச்சு அப்போது ஊரெல்லாம் இருந்தது. ஆகவே மாலையில் கிட்டங்கியின் பின்வாசலில் பாலம்மா என்றொருத்தி முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள். வெளியே போகிற ஒவ்வொருத்தியும் அவள் முன்னால் நின்று கைகளைத் தூக்க வேண்டும். முந்தானையை உதறி, கொண்டையை அவிழ்த்து, வாயைத் திறந்து நாக்கை உயர்த்திக் காட்ட வேண்டும். "சுத்தம், போ" என்று பாலம்மா சொன்ன பிறகே வாசலைத் தாண்டலாம். குழந்தைகளுக்கும் அதே சட்டம்தான். யாரோ ஒருத்தி முன்பு குழந்தையின் சட்டைக்குள் கோப்பி வைத்துக் கொண்டுபோய் அகப்பட்டிருந்தாளாம். அங்கம்மாவின் மகள் காத்தாயி தவழ்ந்த காலத்திலிருந்து அந்த வாசலால் வந்து போனவள்.

ஆனால் கிட்டங்கிக்கு முன்வாசல் ஒன்றும் இருந்தது. கணக்கெழுதுகிற கிளாக்கர் கோட்டுப் பைகள் இரண்டும் புடைக்க அதன் வழியாக நடந்து போவார். அவரைக் கண்டால் பாலம்மா எழுந்து நின்று கும்பிடுவாள்.

"அந்தாளு பையில ஒரு கொத்துக் கோப்பி போகும். என் நாக்குக்கு அடியில எத்தனை போகும்?" என்று அங்கம்மா என்னிடம் ஒருமுறை கேட்டாள்.

எழுத்துத் தெரிந்தவர்களைக் கை தூக்கச் சொல்லமாட்டார்கள் என்று அவள் முடிவு கட்டியிருந்தாள். காத்தாயி ஒரு வாசலைக் கை தூக்காமல் தாண்ட வேண்டும். அவளுக்குப் பள்ளிக்கூடம் அதற்குத்தான் வேண்டியிருந்தது.

கடைசியில் ஒரு மழைநாள் காலையில் அவள் உள்ளே வந்தாள். கிட்டங்கிப் பெண்களுக்குக் கை நீளம் என்பது ஊர்ப்பேச்சு. அதனால் கட்டுகலையில் ஒரு வியாபாரி வீட்டில் சட்டை தைக்கிறவள் என்று சொன்னாள். புருஷன் பன்வில தோட்டத்தில் காய்ச்சலில் போய்விட்டான், அங்கிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்தே கண்டிக்கு வந்தாள், வழியில் யார் யார் என்னென்ன சொன்னார்கள் என்று நீளமாகச் சொன்னாள். நான் அதைச் சுருக்கி இங்கிலீஷில் சொன்னேன். அவள் என் வாயையே பார்த்தாள்.

"சின்ன மிசி, நான் அம்புட்டுச் சொன்னேன், நீங்க இத்துனூண்டு சொல்றீங்க. மிச்சத்த எங்க வச்சீங்க?"

"தேவையானதெல்லாம் சொல்லிவிட்டேன்."

"தேவையானது எதுன்னு யாரு முடிவு பண்ணா?"

"என்ன சொல்கிறாள்?" என்று பெரிய மிசி கேட்டார்.

"நம்மை நம்பலாமா என்று கேட்கிறாள்" என்றேன். என்னை நம்பலாமா என்றுதான் அவள் கேட்டாள்.

பெரிய மிசி விதவைப் பெண் என்று மனமிரங்கி, சம்பளம் வேண்டாம் என்றார். நான் அதைச் சொன்னதும் அங்கம்மா கதிரையை விட்டு எழுந்துவிட்டாள்.

"இனாமா? எதுக்கு இனாம்? புள்ளைய அடுப்படியில போட்டுச் சட்டி கழுவ வைக்கவா? இல்ல வேதத்துல சேக்கவா? எல்லாரும் குடுக்கிறத நானும் குடுக்குறேன். குடுத்தாத்தானே நான் வந்து ஒரு கேள்வி கேக்கலாம்?"

இப்போது பெரிய மிசிக்குச் சந்தேகம் பிறந்தது. இனாமை மறுக்கிற ஏழையை அவர் பார்த்ததில்லை. தையல் பெட்டியைத் திறந்து, ஊசியையும் ஓரம் பிரிந்த ஒரு மேசைத் துணியையும் எடுத்து அங்கம்மாவின் மடியில் வைத்தார். அங்கம்மா ஊசியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள்.

"இந்த ஊசி எனக்குப் பழக்கமில்ல. என் ஊசியே வேற" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

பெரிய மிசி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். இருந்தாலும் பிள்ளை சூட்டிகையாக இருந்தது. சுவரில் தொங்கிய படத்து மிருகங்களை ஒவ்வொன்றாகக் காட்டிப் பெயர் கேட்டது. "மத்தியானம் வரை இருக்கட்டும். பிறகு சொல்கிறேன்" என்றார் பெரிய மிசி.

காத்தாயி அழவில்லை. கடைசி வாங்கில் உட்கார்ந்து பலகையில் கோடு கிழித்தாள். அங்கம்மா விறாந்தையில் குந்தியிருந்து, கதவிடுக்கால் ஒவ்வொருவர் கையையும் கவனித்தபடி இருந்தாள்.

மத்தியானம் மணி அடித்ததும் பிள்ளைகள் வாசலுக்கு ஓடினார்கள். காத்தாயி ஓடவில்லை. நடந்துபோய்ப் படிக்கு முன்னால் நின்றாள். இரண்டு கைகளையும் தூக்கினாள். பாவாடையை உதறினாள். சின்னக் கொண்டையைத் தானே அவிழ்த்துவிட்டாள். பிறகு பெரிய மிசியைப் பார்த்து வாயை அகலத் திறந்து நாக்கை உயர்த்தினாள்.

கூடம் முழுவதும் சிரித்தது.

"இந்தப் பிள்ளைக்கு இதை யார் பழக்கினார்கள்?" என்று பெரிய மிசி கேட்டார். கேட்கும்போதே அவர் கண்கள் தையல் பெட்டிப் பக்கம் போயின. மூடி திறந்திருந்தது, உள்ளே வெள்ளி விரலுறை இருந்தது. ஒரு கணத்துப் பார்வைதான். ஆனால் கதவிடுக்கில் இருந்தவளுக்கு அந்தப் பார்வை மிகப் பழக்கமானது.

அங்கம்மா கேட்காமலே உள்ளே வந்துவிட்டாள்.

"சொல்லிருங்க சின்ன மிசி. நான் தைக்கிறவ இல்ல. கிட்டங்கியில கோப்பி பொறுக்குறவ. பொய்தான் சொன்னேன். இப்ப என் புள்ளையத் தேடிப் பாக்கச் சொல்லுங்க. எல்லாரும் பாக்கத் தேடச் சொல்லுங்க."

பெரிய மிசியின் முகம் சிவந்தது. "என் பள்ளியில் பிள்ளைகளைத் தேடுகிற வழக்கம் இல்லை."

நான் அதைச் சொன்னேன்.

"வழக்கம் இல்லையா? அப்ப நாளைக்கு ஒரு ஊசி காணாமப் போனா எந்தப் பக்கம் பாப்பீங்க? இப்பப் பாத்த பக்கந்தானே பாப்பீங்க? அங்க எங்கள நாயாட்டம் தேடுறாங்க, சரி. தேடி முடிச்சா 'சுத்தம்'னு ஒரு வார்த்தை சொல்றாங்க. அந்த வார்த்தைய வாங்கிக்கிட்டு வந்து நிம்மதியாச் சோறு திங்கலாம். சோதனை இல்லாத வாசல்லதான் மிசி, பழி வந்து ஒக்காந்திருக்கும்."

இம்முறை நான் ஒரு சொல்லும் விடாமல் மொழி பெயர்த்தேன். அங்கம்மா என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நீளம் சரியாக இருந்ததுபோலும், குறுக்கே எதுவும் கேட்கவில்லை.

பெரிய மிசி தையல் பெட்டியிடம் போனார். விரலுறையை உள்ளே தள்ளி, மூடியைச் சாத்தி, பூட்டி, சாவியை இடுப்புக் கொத்தில் கோத்துக்கொண்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. அந்தத் தாயின் முகத்தெதிரே பெட்டியைப் பூட்டுவதா?

அங்கம்மாவின் முகமோ அப்போதுதான் முதன்முறையாக இளகியது.

"இது நாயம். பூட்டி வைக்கிறவங்க சும்மா ஒருத்தரப் பழி சொல்ல மாட்டாங்க. தொறந்து போட்டுட்டு, நம்புறேன் நம்புறேன்னு சொல்றவங்கதான் கடைசியில நம்மளப் புடிச்சுக் குடுக்குறது. என் புள்ள உள்ள வாறதுக்கு முந்தி இந்தப் பெட்டிய இப்பிடிப் பூட்டிரணும். அது போன பொறவு தொறந்துக்கங்க. சம்மதம்னா விடுறேன்."

பள்ளியில் சேர்க்க வந்த தாய் பள்ளிக்கு நிபந்தனை போடுவதை நான் அன்றுதான் கண்டேன். பெரிய மிசி தலையாட்டினார்.

அங்கம்மா குனிந்து மகளின் கொண்டையை முடிந்துவிட்டாள். "இந்தா பாரு, இங்க கையத் தூக்கக் கூடாது. இங்க வேணாம். என்ன?"

"அப்ப யாரு என்னையப் போகச் சொல்லுவா?" என்றாள் காத்தாயி.



அடுத்த நாளிலிருந்து காத்தாயி வந்தாள். வேலை நாட்களில் மத்தியானத்துக்குப் பிறகு வீரய்யாவின் அடுப்படியில் இருப்பாள்; பொழுது சாய்கையில் அங்கம்மா தன் வாசலில் கை தூக்கிவிட்டு வந்து அவளைக் கூட்டிப்போவாள். வந்ததும் அடுப்படிக்குள் எட்டிப் பார்த்து, மகள் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் பக்கத்தில் சட்டி ஏதும் கழுவிக் கவிழ்த்திருக்கிறதா என்று பார்ப்பாள்.

"ஏந்தாயி, நான் கழுவுன சட்டி அது. ஒம் மக கஞ்சிதான் குடிச்சா" என்பார் வீரய்யா.

"நீ கழுவுன சட்டியா இது? அதான் அடி கறுப்பா இருக்கு."

காத்தாயி எழுத்தை விரைவாகப் பிடித்துக்கொண்டாள். கை தூக்குவதை மட்டும் விடவில்லை. மணி அடித்ததும் படிமுன் போய் நிற்பாள். "போகலாம், காத்தாயி" என்றால் போகமாட்டாள். அந்த வார்த்தை வேண்டும். கடைசியில் ஒருநாள் நான் மெதுவாக, "சுத்தம், போ" என்றேன். உடனே துள்ளி இறங்கினாள். அதிலிருந்து தினமும் அதைச் சொல்லும் வேலை என்னுடையதாயிற்று. ஸ்டேஷன் மாஸ்டரின் மகள் அதைக் கேட்டுவிட்டுத் தனக்கும் சொல்லச் சொன்னாள். பெரிய மிசி கண்டித்தார். ஆனால் தலைவலி வந்து அவர் உள்ளே படுத்திருந்த நாட்களில் கண்டிக்க யாருமில்லை.

அப்படியொரு நாளில் மழை பிடித்துக்கொண்டது. கிட்டங்கியில் வேலை இல்லை. மணி அடிக்கிற நேரத்துக்கே அங்கம்மா கொங்காணியோடு வந்துவிட்டாள். படலையைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

வாசலில் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். ஒவ்வொருத்தியும் இரண்டு கைகளையும் தூக்கியிருந்தாள். ஒருத்தி வாயைத் திறந்து வைத்திருந்தாள். சிரிப்புச் சத்தம் மழையையும் மீறிக் கேட்டது.

"என் புள்ளையவாடி கேலி பண்றீங்க?"

அவள் படிகளில் வேகமாக ஏறி வந்தாள். நான் ஏதோ சொல்ல முன்னால் போனேன்; என்னைத் தள்ளிக்கொண்டு வரிசையின் தொடக்கத்துக்குப் போனாள். அங்கே போனதும் அவள் கால் நின்றது.

வரிசையின் தொடக்கத்தில் ஒரு முக்காலி. அதில் காத்தாயி உட்கார்ந்திருந்தாள். முதுகு நிமிர்ந்திருந்தது. கண்கள் இடுங்கியிருந்தன.

"வாயத் தொற. நாக்கத் தூக்கு. ம். தலைய அவுரு."

ஸ்டேஷன் மாஸ்டரின் மகள் தன் ரிப்பனை அவிழ்த்து உதறினாள்.

"சுத்தம், போ."

அடுத்தவள் வந்தாள். அதற்கடுத்தவள். அங்கம்மா பக்கத்தில் நின்று பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் எப்போது போனது என்று எனக்குத் தெரியவில்லை. சிரிப்பும் வரவில்லை. ஒரு வேலையை எப்படிச் செய்கிறார்கள் என்று பார்க்கிறவளின் முகமாக அது இருந்தது.

"ஏண்டி, அந்தச் செவப்புச் சட்டைக்காரி ஒரு கையத்தானே தூக்குனா? விட்டுட்ட?"

"அவளுக்குக் கை சுளுக்கும்மா."

"சுளுக்குன்னு சொல்றவளத்தான் ரெண்டு தரம் பாக்கணும்."

கடைசிப் பிள்ளையும் போனாள். காத்தாயி எழுந்தாள். முக்காலியைச் சுவரோரம் தள்ளிவைத்தாள். பலகையை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தாள். அவளைத் தேட யாரும் மிச்சமில்லை. என்னை ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். நானும் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. கைகளைத் தூக்காமலே படியிறங்கி மழைக்குள் போனாள்.

அங்கம்மா அவசரமாகப் பின்னால் ஓடிக் கொங்காணியை அவள் தலைக்கும் சேர்த்துப் பிடித்தாள். இருவரும் குளத்தங்கரையோரமாக நடந்தார்கள். நான் விறாந்தையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வளைவுக்குச் சற்று முன்னால் அங்கம்மா நின்றாள். எங்கள் வாசலைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு குனிந்து, மகளின் கொண்டை அவிழ்ந்துவிட்டதுபோல் அதைப் பிரித்து, விரல்களால் உள்ளே துழாவிவிட்டு, மறுபடி முடிந்தாள்.

கொண்டை அவிழ்ந்திருக்கவில்லை. அன்று காலையில் நான்தான் அதை இறுக்கிக் கட்டிவிட்டிருந்தேன்.