டிரான்சிஸ்டர் காலுக்குப் பட்டு நூல்

போன மழைக்கு ஏரி நிரம்பியதும் எங்கள் தறிக்கு அடியில் காலை விட்டு மிதிக்கத் தோண்டிய குழியில் நீர் ஊறியது. அமாவாசை என்று தறியை நிறுத்தியிருந்ததால் அந்த அறைப்பக்கம் யாரும் போகவில்லை. மறுநாள் பார்த்தால் குழி நிறைந்து, பாதி நெய்த புடவை நனைந்து, அரக்குக் கரையின் சாயம் சந்தன நிற உடலில் இறங்கிக் கிடந்தது. இன்னொரு புடவை இப்படி ஆனால் நெய்யப் பாவு நூல் தரமாட்டேன் என்று முதலாளி சொல்லிவிட்டார். பாவு இல்லாத தறியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அடுத்த மழைக்குக் குழியில் தண்ணீர் வந்தால் எனக்கு உடனே தெரிந்தாக வேண்டும் என்று அன்றே முடிவு செய்தேன். போனில் வீடியோ பார்த்து எதையாவது பற்றவைத்துக்கொண்டிருப்பது எனக்குப் பழைய பைத்தியம். காஞ்சிபுரம் போய் இரண்டு டிரான்சிஸ்டரும் ஒரு பஸ்ஸரும் வாங்கி வந்தேன். குழிக்குள் இரண்டு கம்பி தொங்கும். தண்ணீர் இரண்டையும் தொட்டால் பஸ்ஸர் கத்தும்.

எல்லாவற்றையும் சோப்பு டப்பாவுக்குள் திணித்தபோது டிரான்சிஸ்டரின் கால்கள் ஒன்றோடொன்று உரசின. அவற்றுக்கு உறை போட வேண்டும். பட்டில் கரண்ட் பாயாது என்று எங்கோ கேட்டிருந்தேன். எங்கள் வீட்டில் பட்டுக்கா பஞ்சம்? மிச்ச ஊடை நூலை எடுத்து ஒவ்வொரு காலிலும் நெருக்கமாகச் சுற்றினேன்.

பேட்டரியை மாட்டியதும் கத்த ஆரம்பித்தது. குழியில் ஒரு சொட்டு நீர் இல்லை.

"இன்னா இது, சும்மாவே ஊளை வுட்டுக்கினு கீது? ஒரே பேஜாரு!" என்று என் வீட்டுக்காரர் பேட்டரியைப் பிடுங்கினார். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. மறுநாள் மாட்டினால் சத்தமே இல்லை. நம்பிக்கை வராமல் நூலைப் பிரித்துப் புதிதாகச் சுற்றினால் மறுபடி கத்தல்.

மூன்றாவது தடவை சுற்றும்போதுதான் என் கையையே பார்த்தேன். நூல் முனையை நாக்கில் நனைத்து முறுக்கிக்கொண்டிருந்தேன். இருபது வருஷப் பழக்கம், அறுந்த இழையைப் பிணைக்கும்போது தானாக வந்துவிடும். ஈரப் பட்டு வழியாகக் கரண்ட் ஓடியிருக்கிறது, காய்ந்ததும் நின்றிருக்கிறது. தண்ணீரைக் கண்டுபிடிக்கச் செய்த டப்பா என் எச்சிலைச் சரியாகக் கண்டுபிடித்திருக்கிறது! வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பும் வந்தது.

விட்டேனா? பழைய ஒயரின் பிளாஸ்டிக் தோலை உருவி, அரிசி நீளத்துக்கு நறுக்கி, ஆறு கால்களையும் கழற்றி ஒவ்வொன்றாக மாட்டி மறுபடி பற்றவைத்தேன். இரண்டு விரல் சுட்டது.

"இன்னொரு தபா சும்மா கத்துச்சி, ஏரில கடாசிடுவேன்" என்றார் அவர்.

"கடாசுங்க, வேற பண்ணுவேன்" என்றேன்.

ஐப்பசியில் மூன்று நாள் விடாத மழை. மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பஸ்ஸர் அலறியது.

"ஆரம்பிச்சிடுச்சி பாரு" என்று சோற்றுக் கையோடு எழுந்து போனார். தறியில் மாட்டியிருந்த டப்பாவின் பேட்டரியைப் பிடுங்கக் குழிக்குள் கால் வைத்தவர் அப்படியே நின்றார்.

"அம்மே, தண்ணி வந்துகினு கீது! பக்கெட்ட எடுத்துனு வா!"

பொழுது சாயும்வரை இருவரும் மாற்றி மாற்றி இறைத்தோம். புடவையை ஓரம் ஓரமாகத் தடவிப் பார்த்தேன், எங்கும் ஈரமில்லை. டப்பா அவர் கைக்கெட்டும் தூரத்தில்தான் காதைக் கிழித்துக்கொண்டிருந்தது. குழி வற்றி அதுவாக ஓயும்வரை அவர் அதைத் தொடவில்லை.