வயிற்றில் மூன்று நீலக் குறிகள்

பிள்ளைகளா, போன வருஷம் அப்பா கிள்ளான் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேனே, அங்கே நடந்ததை உங்களிடம் முழுதாகச் சொன்னதில்லை.

அன்று காலை வேலைக்குக் கிளம்பும்போது தொப்புளைச் சுற்றி வலி. உங்கள் அம்மாதான் பிடிவாதமாகக் காரில் ஏற்றினாள். அங்கே என்னைப் பார்த்தது, இன்னும் பயிற்சியில் இருந்த ஒரு தமிழ்ப் பெண் டாக்டர். வயிற்றை அழுத்திப் பார்த்தார். இரத்தப் பரிசோதனையில் பெரிதாக ஒன்றுமில்லை. ஸ்கேனும் தெளிவாக இல்லை.

"என்னம்மா எனக்கு?"

"இன்னும் தெரியல அங்கிள்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "தெரியலன்னு சொல்ல டாக்டர் எதுக்கும்மா? அத நானே சொல்லிடுவேனே!"

பக்கத்துக் கட்டில்காரர் சிரித்துவிட்டார். அந்த நேரம் பார்த்துப் பெரிய டாக்டர் வந்தார். கேஸ்ட்ரிக்தானே, மருந்து கொடுத்து அனுப்பிவிடலாமா என்று கேட்டார். அந்தப் பெண் தலையாட்டியிருந்தால் அவர் வேலை முடிந்திருக்கும். நிச்சயமாகத் தெரியவில்லை, இங்கேயே வைத்துப் பார்க்கலாம் என்றார் மெல்ல. பெரிய டாக்டர் முகத்தைப் பார்க்கப் பயந்து, கையிலிருந்த தாளைப் பார்த்தபடியே சொன்னார்.

பெரிய டாக்டர் சம்மதித்துப் போனதும், அந்தப் பெண் என்னிடம் வலிக்கும் இடத்தை ஒரு விரலால் காட்டச் சொல்லி, நீலப் பேனாவால் அங்கே குறி போட்டார். ஒரு மணி நேரம் கழித்து வந்து இன்னொன்று.

"என்னம்மா, வயித்துல மேப் போடுறியா?"

"வழி தெரியாதவ மேப் போட்டுத்தானே போகணும் லா, அங்கிள்!"

மூன்றாவது குறி வலப்பக்கம் கீழே விழுந்தது. பேனாவை மூடக்கூட மறந்து ஓடினார். குடல்வால் வீக்கம்; அதற்கு வலி தொப்புளில் தொடங்கி அங்கே இறங்குமாம். வெடிக்கிற நிலையில் இருந்ததாம். வீட்டுக்குப் போயிருந்தால் உயிருக்கே ஆபத்து என்றார்கள்.

ஆப்பரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது துணியை விலக்கிப் பார்த்தேன். மூன்று குறிகளும் தொப்புளிலிருந்து படிப்படியாக இறங்கியிருந்தன. தெரியாததை ஒளிக்காமல், பயத்தோடேயே அதன் பின்னால் நடந்து போயிருக்கிறதே இந்தப் பிள்ளை! வலியிலும் மலைத்துப் போனேன்.

இருபது வருஷமாக மெஷின் பழுதுபார்க்கிற உங்கள் அப்பா, தெரியாது என்று யாரிடமும் சொன்னதில்லை. வாய்க்கு வந்த காரணத்தைச் சொல்லிச் சமாளித்திருக்கிறேன். அந்த ஒரு வார்த்தைக்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்று இப்போது தெரிகிறது.

உடம்பு தேறி, சுங்கை வேயில் நான் வேலை செய்யும் தொழிற்சாலைக்குத் திரும்பிய முதல் வாரம், ஒரு மெஷின் நின்று நின்று ஓடியது. எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். ரிப்போர்ட்டில் காரணம் கேட்கும் கட்டத்தில், இன்னும் தெரியவில்லை என்று மலாயில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு, அது எப்போதெல்லாம் நிற்கிறது என்று பார்க்க அந்த மெஷினுக்கு எதிரில் உட்கார்ந்தேன்.