கயிறு கட்டிய கையும் திராட்சைத் தோட்டமும்

அந்தப் பெட்டியின் மூடியைப் பார்த்ததுமே இது நம் வீட்டுக்குள் வரக் கூடாதது என்று எனக்குத் தோன்றியது. கரும்பச்சைக் கொடி, கொத்துக் கொத்தாகத் திராட்சை, பின்னால் மரப் பீப்பாய்கள் அடுக்கிய ஒரு வீடு. ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்திருந்தது. மாப்பிள்ளை கூடத்தில் பாயை விரித்துப் பெட்டியை அதன்மேல் வைத்தார்.

"இது இன்னா மாப்ளே, பழக்கடை விளையாட்டா?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

"இல்ல மாமா. திராட்சை பயிர் பண்ணி, ஒயின் செஞ்சு விக்கணும். யார் தோட்டம் நல்லா வருதோ அவங்க ஜெயிச்சாங்க."

நான் மகளைப் பார்த்தேன். அவள் என் கண்ணைத் தவிர்த்துவிட்டுப் பெட்டியில் இருந்த அட்டைகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

ஆடிக் கிருத்திகைக்கு அன்றைக்கு இருபத்தாறு நாள் இருந்தது. ஊரெல்லாம் காவடிக்கும் கூட்டத்துக்கும் தயாராகிக்கொண்டிருக்க, எனக்கு மட்டும் அந்த நாளை நினைத்தால் கை கால் ஓடவில்லை. முந்தைய வருஷம் அதே நாளில்தான், எங்கள் ஊர் முருகன் மலையின் அடிவாரத்தில் இருக்கும் சின்ன அம்மன் கோயிலில், என் வீட்டுக்காரர் வலது மணிக்கட்டில் கறுப்புக் கயிறு கட்டிக்கொண்டார். எரிகிற கற்பூரத்தின் மேல் கையை நீட்டி, ஒரு வருஷத்துக்குக் குடியைத் தொடமாட்டேன் என்று சொன்னார். கெடு முடிந்தால் அதே கோயிலுக்குப் போய்க் கயிற்றை அவிழ்க்க வேண்டும். அவிழ்த்ததும் மறுபடி கட்டிக்கொள்கிறவர்கள் உண்டு. அவிழ்த்ததும் நேராகக் கடைக்குப் போகிறவர்களும் உண்டு. எங்கள் பின்தெருவில் ஒருவர் அப்படிப் போய், விட்ட ஒரு வருஷத்தையும் ஒரே மாதத்தில் குடித்து, ஆஸ்பத்திரியில் முடிந்துபோனார். அவர் மனைவி பூ கட்டுகிறவள். அதற்குப் பிறகு அவளிடம் பூ வாங்க எனக்குத் தைரியம் வந்ததில்லை.

என் வீட்டுக்காரர் முப்பத்து நான்கு வருஷம் ரயில்வேயில் தண்டவாள வேலை பார்த்தவர். கடைசிப் பத்து வருஷம் மேஸ்திரி. பன்னிரண்டு ஆளை வைத்துக்கொண்டு, யார் எங்கே போக வேண்டும், எதை முதலில் முடிக்க வேண்டும் என்று ஏவிக்கொண்டிருந்தார். வேலையில் இருந்தபோதும் குடித்தார்தான். ஓய்வு பெற்ற பிறகு அது அவரையே குடித்தது. சாயந்திரம் ஆறு மணி ஆனால் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். கயிறு கட்டிய பிறகு அந்த நேரத்தில் இருப்புக்கொள்ளாமல் கூடத்துக்கும் வாசலுக்குமாக நடப்பார். இதில் எதையும் மாப்பிள்ளை வீட்டாருக்கு நாங்கள் சொல்லவில்லை. பெண் பார்க்க வந்தபோது, மாமாவுக்குக் காப்பி தவிர வேறு பழக்கம் இல்லை என்று நானே என் வாயால் சொன்னேன். முருகனைச் சாட்சிக்கு இழுக்காமல் சொன்னேன், அவ்வளவுதான் நான் செய்த புண்ணியம். ஆகவே இப்போது, "இந்தப் பெட்டியை எடுத்துப் போய்விடுங்கள்" என்று மாப்பிள்ளையிடம் எப்படிச் சொல்வேன்?

விளையாட்டு இதுதான். ஆளுக்கு ஒரு தோட்டம். ஆளுக்குச் சில வேலையாட்கள், சுண்டு விரல் நுனி அளவுக்கு மரப் பொம்மைகள். நடுவில் ஒரு பெரிய அட்டை. அதில் கொடி நடும் இடம், பந்தல் போடும் இடம், பழம் பறிக்கும் இடம், பிழியும் இடம் என்று கட்டங்கள். ஒவ்வொருவரும் முறைவைத்து ஒரு ஆளை ஒரு கட்டத்தில் வைக்க வேண்டும். ஒருவர் வைத்துவிட்டால் அந்தக் கட்டம் நிறைந்துவிடும், மற்றவர் வேறு வேலையைப் பார்க்க வேண்டியதுதான். கோடைக்கு ஒரு பகுதி, குளிருக்கு ஒரு பகுதி. கோடையில் எல்லா ஆளையும் அனுப்பிவிட்டால் குளிர்கால வேலைக்குக் கை இருக்காது. வருஷம் முடிந்தால் எல்லா ஆளும் வீடு திரும்புவார்கள்.

இதைக் கேட்டதும் என் வீட்டுக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இத்த எனக்கே சொல்லித் தர்றியா மாப்ளே? வெயில்ல தண்டவாளம் நெளியும், பனியில விரிசல் உடும். ரெண்டுக்கும் ஆளு வச்சிக்கணும். வெயில்லயே எல்லாரையும் ஓட்டிட்டா, பனிக்காலத்துல லைன யாரு பாக்குறது?"

"அதேதான் மாமா!"

"இது இன்னா, ஒருத்தன் மட்டும் பெருசா இருக்கான்?"

"அவன் ஸ்பெஷல். கட்டம் நிறைஞ்சிருந்தாலும் அவன் மட்டும் உள்ள போலாம்."

"அப்போ அவன்தான் மேஸ்திரி" என்று சொல்லி அந்தப் பெரிய பொம்மையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். ஓய்வு பெற்ற நாளிலிருந்து அவர் முகத்தில் நான் அப்படி ஒரு வெளிச்சத்தைப் பார்த்ததில்லை. அதற்காகச் சந்தோஷப்படவும் எனக்குப் பயமாக இருந்தது.

பிழியும் கட்டத்துக்கு அவர் முறை வந்தது. பொம்மையை எடுத்த கை அந்தரத்தில் நின்றது. கயிறு கட்டிய கை.

"நான் பழமாவே வித்துடறேன்" என்றார்.

"மாமா, பழமா வித்தா காசுதான் வரும். ஒயின் செஞ்சு ஆர்டரை முடிச்சாத்தான் பாயிண்ட்."

"பரவால்ல. நமக்குப் பழம் போதும்."

"இது வெறும் அட்டைதானே நைனா" என்று மகள் மெதுவாகச் சொன்னாள்.

"அட்டைதாம்மா. தெரியும்." கடைசிவரை அவர் ஒரு குலையைக்கூடப் பிழியவில்லை. படுதோல்வி அடைந்து, சிரித்துக்கொண்டே எழுந்தார்.

மகளும் மாப்பிள்ளையும் சாயந்திர ரயிலுக்குக் கிளம்பினார்கள். பெட்டி இங்கேயே இருந்துவிட்டது. "மாமாவுக்குப் புடிச்சிருக்கு, இருக்கட்டும் அத்தை" என்றார் மாப்பிள்ளை. மறுநாள் நான் விளக்கேற்றிவிட்டு வருவதற்குள் கூடத்தில் பாய் விரிந்திருந்தது.

"வா, உக்காரு. ரெண்டு பேரு ஆடலாமாம்."

"எனக்கு இன்னா தெரியும்? எட்டாவது படிச்சவ."

"என் ரயில்வே கேங்குல எட்டாவது படிச்சவன் ஒருத்தன்கூட இல்ல. உக்காரு."

உட்கார்ந்தேன். அவர் வெளியே போகாமல் இருந்தால் போதும் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். மூன்றாம் நாள் எனக்கே அது பிடித்துவிட்டது. அந்த ஆட்டத்தில், ஒவ்வொரு வருஷத்தின் தொடக்கத்திலும் யார் எத்தனை மணிக்கு எழுந்திருப்பது என்று முடிவு செய்ய வேண்டும். முதலில் எழுந்தால் முதலில் வேலைக்கு ஆள் அனுப்பலாம். தாமதமாக எழுந்தால் ஏதாவது ஒரு சின்னப் பரிசு கிடைக்கும். நான் எப்போதும் முதலில் எழுந்தேன், நாற்பது வருஷப் பழக்கம். அவர் எப்போதும் கடைசியில் எழுந்து, பரிசை வாங்கிக்கொண்டு, தனக்கு வேண்டிய கட்டத்தில் நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத் திட்டுவார். இரண்டே பேர் ஆடும்போது ஒவ்வொரு வேலைக்கும் ஒரே இடம்தான். சோறு வடிக்கும்போதுகூட, நாளைக்கு எதை முதலில் பிடிக்கலாம் என்று என் மனசு அந்த அட்டையிலேயே நின்றது. முருகா மன்னிச்சிடு என்று சொல்லிக்கொண்டே குழம்பைக் கிளறினேன்.

அதோடு, பிழியாமல் ஜெயிக்க முடியாது என்று எனக்கும் புரிந்துவிட்டது. ஒரு நாள் கன்னத்தில் போட்டுக்கொண்டு, என் ஆளைப் பிழியும் கட்டத்தில் வைத்தேன்.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "கயிறு என் கையில, காச்சுறது நீயா! கிருத்திகை விரதம் தவறாதவ, நாலு பீப்பா வச்சிருக்கா!"

"சும்மா இருங்க. ஜன்னல் தொறந்திருக்குது."

இப்படியே பத்துப் பதினைந்து நாள் போனது. அந்த விளையாட்டில் ஒயினைச் செய்ததும் விற்க வேண்டியதில்லை. நிலவறையில் வைத்திருந்தால் வருஷத்துக்கு ஒரு படி தரம் ஏறும். ஒயின் எந்தப் படியில் இருக்கிறது என்று காட்டச் சின்னச் சின்னக் கண்ணாடி மணிகள் இருந்தன. ஒரு நாள் ஆட்டத்து வருஷ முடிவில் என் மணிகளை ஒரு படி நகர்த்தினேன். அவர் குனிந்து என் நிலவறையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு வருஷம் உள்ளயே வச்சா ஒரு படி ஏறுது பாரேன். இருக்க இருக்க நல்லா ஊறும்" என்றார்.

அந்தக் குரல் எனக்குத் தெரியும். சம்பள நாளில் கேட்ட குரல். நாக்கு உதட்டைத் தொட்டுவிட்டுப் போனது. இடது கையின் கட்டைவிரல் வலது மணிக்கட்டுக் கயிற்றை மெல்லச் சுழற்றிக்கொண்டிருந்தது. ஒரு வருஷமாக அவருக்குள் மூடி வைத்திருந்ததும் இப்படித்தான் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டிருக்கிறதோ? ஆசை செத்துவிட்டது என்று நான் நம்பிக்கொண்டிருக்க, அது உள்ளே ஊறிக்கொண்டு இருக்கிறதோ? அன்றைக்கு நான்தான் ஜெயித்தேன். என்ன ஜெயித்தேன் என்று தெரியவில்லை.

மறுநாள் அவர் குளிக்கப் போன நேரத்தில் கண்ணாடி மணிகளை எல்லாம் பொறுக்கினேன். மஞ்சள் துணியில் வைத்து, ஒரு ரூபாய் காசும் சேர்த்து முடிந்து, வேலும் மயிலுமாக நிற்கிற என் சாமி படத்துக்குப் பின்னால் வைத்தேன். அவர் கயிற்றை மறுபடி கட்டிக்கொண்டால் மலைமேல் வந்து செலுத்துகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். காய்ச்சலுக்கும் கல்யாணத்துக்கும் நாங்கள் இப்படித்தான் முடிந்து வைப்போம். விளையாட்டுச் சாமானை முடிந்து வைத்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

சாயந்திரம் அவர் பெட்டியைத் திறந்தார். எல்லாவற்றையும் கொட்டிப் பார்த்தார். பாயை உதறினார்.

"மணி எங்க?"

"நான் எங்க கண்டேன். பெருக்கும்போது போச்சோ இன்னாவோ."

பெட்டியை மூடினார். பிறகு எழுந்து ஆணியில் இருந்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

கடிகாரத்தைப் பார்த்தேன். ஆறு மணி பத்து நிமிஷம். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பதினைந்து நாளாக அந்த நேரத்தில் அவரைக் கூடத்தில் பிடித்து வைத்திருந்தது எது? என் பூஜையா? நான் கழற்றி எறிந்தது எதை?

வாசலுக்கும் சாமி படத்துக்குமாக நடந்தேன். திருப்பதி பஸ் ஒன்று போனது, இன்னொன்று போனது. அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை. மாப்பிள்ளையிடம் எந்த முகத்தோடு பேசுவேன் என்று நினைத்தேன். பூ கட்டுகிறவளை நினைத்தேன். முருகா முருகா என்று நாக்கு மட்டும் சொல்லிக்கொண்டிருந்தது.

ஏழரைக்கு வந்தார். நேராகத்தான் நடந்து வந்தார். நான் வாசற்படியிலேயே வழியை மறித்து நின்றேன்.

"இன்னா, மோந்து பாக்கணுமா? பாரு" என்று முகத்தைக் கிட்டே கொண்டுவந்தார். டீ வாசனைதான் வந்தது.

"எங்க போனீங்க?"

"கடைக்கு எதிர்ல இருக்குதே டீக்கடை, அங்க. ஒரு டீ குடிச்சேன். இன்னொண்ணு குடிச்சேன். அந்தப் பக்கம் யாரு யாரு போறாங்கன்னு பாத்துகினே இருந்தேன். அப்புறம் வந்துட்டேன்."

"ஏன் போனீங்க?"

"வீட்ல எனக்கு இன்னா வேலை? அந்த நேரத்துக்கு நாலு ஆள வேலைக்கு அனுப்பிகினு இருந்தேன். அதுவும் இல்லைன்னா காலு தானா போவுது." செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துக்கொண்டே சொன்னார்: "நாளைக்கும் போவும்."

உள்ளே ஓடி மஞ்சள் முடிச்சை எடுத்து வந்து நீட்டினேன். அழுதுகொண்டே விஷயத்தைச் சொன்னேன். அவிழ்க்கப் போனவளின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவுக்காத. சாமிக்குன்னு முடிஞ்சாச்சு. வேண்டுதல் தீராம எடுத்தா தப்பு." திட்டுவார் என்று நினைத்தேன். அவர் சமையல்கட்டுக்குப் போய் டப்பாக்களை உருட்டி, ஒரு கை கொண்டைக்கடலையோடு வந்தார். "இத்த வச்சி ஆடலாம். உன் ஒயினுக்கு இது போதும்."

அடுத்த ஞாயிறு மாப்பிள்ளையும் மகளும் வந்தார்கள். கடலையைப் பார்த்து மாப்பிள்ளை விழித்தார். "அத்தை, கண்ணாடி மணியெல்லாம் எங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். கயிற்றைக் காட்டிச் சொன்னார். "எனக்குக் குடி இருந்துச்சு மாப்ளே. உங்க வீட்ல மறைச்சிட்டோம்." தரையைப் பார்த்தபடி நின்றேன்.

மாப்பிள்ளை ஒரு கடலையை எடுத்து உருட்டிக்கொண்டே சொன்னார்: "தெரியும் மாமா. கல்யாணத்துக்கு முன்னாடியே எங்க வீட்ல அரக்கோணத்துல விசாரிச்சாங்க. நீங்க வேலை பாத்த ஸ்டேஷன்ல கேட்டா தெரியாதா இன்னா?"

"அப்போ எதுக்குடா இந்தப் பெட்டிய எடுத்தாந்த?" என்று மகள் அவர் முதுகில் ஒன்று வைத்தாள்.

"நான் மாமாவுக்கு ஆளுங்க இருக்கிற விளையாட்டா பாத்தேன். ஒயினு எனக்குத் தோணவே இல்ல." அவர் காது சிவந்துவிட்டது.

கிருத்திகையன்று விடியற்காலையிலேயே அடிவாரக் கோயிலுக்குப் போனோம். காவடிக் கூட்டம் பம்பைச் சத்தத்தோடு படி ஏறிக்கொண்டிருந்தது. பூசாரி அவர் கயிற்றைக் கத்தியால் அறுத்தார். மணிக்கட்டில் அந்த இடம் மட்டும் வெளுத்து, வேறு யாருடைய கையோ போல இருந்தது. அந்தக் கை வெறுமையாக இருந்த அந்தக் கொஞ்ச நேரத்தில் நான் மூச்சு விட்டேனா என்று எனக்கு ஞாபகம் இல்லை.

"மறுபடி ஒரு வருஷமா?" என்று கேட்டார் பூசாரி.

"மூணு மாசம்" என்றார் என் வீட்டுக்காரர்.

"இன்னாங்க இது?" என்று நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"ஒரு வருஷம்னு சொன்னா இப்போ பொய்யா பூடும். அந்த டீக்கடையில உக்காந்திருந்தப்ப எனக்குத் தெரிஞ்சிபோச்சு. மூணு மாசம் என்னால முடியும். அதச் சொல்றேன். அம்மனாண்ட பொய் சொல்லச் சொல்றியா?"

பூசாரி புதுக் கயிற்றைச் சுற்றி மூன்று முடிச்சு போட்டார். கூட்டம் பின்னாலிருந்து தள்ளியது. நாங்களும் மஞ்சள் முடிச்சோடு படி ஏறினோம். அவர் முன்னால் ஏற, நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு ஏறினேன்.

அந்த மூன்று மாசம் முடிய இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது. தினமும் சாயந்திரம் ஆடுகிறோம். இந்த முறை எவ்வளவு நாளைக்குக் கட்டிக்கொள்ளப் போகிறார் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவார்.