காலி அறைக்கு எண் கிடையாது

மாமல்லபுரத்தில் பத்தே அறை கொண்ட ஒரு லாட்ஜின் மேனேஜர் அவர். குள்ளம், பெரிய மீசை, சட்டைப் பையில் எப்போதும் ஒரு ஸ்க்ரூ டிரைவர். அறை காலியானால் கதவிலிருந்து அதன் எண் பலகையைக் கழற்றி டிராயரில் போட்டுவிடுவார். ஆள் வந்தால்தான் மறுபடி மாட்டுவார்.

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் அந்த லாட்ஜுக்கு நான் வெப்சைட் செய்தேன். முதல் பக்கத்தில் சலுகைகளுக்கென்று ஒரு மஞ்சள் பெட்டி. சலுகை இல்லாத நாளில் பெட்டி மட்டும் வெறுமனே நின்றது. அவர் திரையை விரலால் தட்டினார்.

"உள்ள இன்னா கீது?"

"ஒண்ணுமில்லண்ணா."

"அப்பறம் டப்பா எதுக்குபா?"

டெம்ப்ளேட் என்றால் அப்படித்தான் என்று வாதாடினேன். அவர் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்து மானிட்டரைப் பார்த்தார். விஷயம் இருந்தால் மட்டும் பெட்டி வரும்படி அன்றே மாற்றி எழுதிவிட்டேன்.

பிறகு ஒரு மழைக்காலத்தில் அங்கே தங்கப் போனேன். தெருவை மூன்று முறை சுற்றியும் லாட்ஜைக் காணோம். கடைசியில் பெயர்ப் பலகையே இல்லாத ஒரு வாசலில் அவர் உட்கார்ந்திருந்தார்.

"போர்டு எங்கண்ணா?"

"ஒரு கஸ்டமரும் இல்ல. போர்டு இன்னாத்துக்கு?"

நான் தங்குவதாகச் சொன்னதும் ஏணியைக் கொண்டுவந்து பலகையை மாட்ட ஏறினார். ஏணியைப் பிடித்துக்கொண்டே, போர்டு இல்லாமல் கஸ்டமர் எப்படி வருவான் என்று கேட்டேன்.

திருகாணியை முறுக்கியபடி அவர் சொன்னார்: "நீ வர்ல?"