தரணி அண்ணன் விற்க மறுத்த ஆன்டெனா

சென்ற வியாழக்கிழமை காலை நான் வேலை பார்க்கும் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். என் தம்பி ஏழுமலை வெளி மாடிப்படியில் பாதி இறங்கி நின்று, ஜன்னல் வழியாக, கூடத்துக் கட்டிலில் படுத்திருந்த எங்கள் அப்பாவிடம் உரக்கச் சொன்னான்.

"நைனா, பஜார்ல டிவி கட வெச்சிருந்த தரணி அண்ணன் பூட்டாராம். இன்னைக்கு விடியக்காலம். மத்தியானம் எடுக்கறாங்களாம், மேல்சித்தாமூர்ல."

அப்பாவுக்குக் காது நன்றாகவே கேட்கும். உரக்கச் சொன்னது எனக்காக. பாகப் பிரிவினை முடிந்த இந்த ஒன்பது ஆண்டுகளாக நானும் என் தம்பியும் பேசிக்கொள்வதில்லை. கீழ்வீடு எனக்கு, மேல்வீடும் மொட்டைமாடியும் அவனுக்கு என்று ஆனது. அந்தப் படியில் நான் கால் வைத்ததும் இல்லை. தெரிவிக்க வேண்டியது எதுவானாலும் அப்பாவிடம் சொல்வோம். சேர வேண்டியவருக்குச் சேர்ந்துவிடும்.

"நான் லீவு போட்டுட்டுப் போறேன் நைனா" என்று நானும் அப்பாவிடமே சொன்னேன். அவன் மேலே ஏறிப் போய்விட்டான்.

தரணி அண்ணனை அறியாதவர்களுக்காகச் சிலவற்றைச் சொல்ல வேண்டும். முழுப்பெயர் தரணேந்திரன். மேல்சித்தாமூர்ச் சமணக் குடும்பம். செஞ்சி பேருந்து நிலையத்துக்கு எதிர்ச் சந்தில், செருப்புக் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவே, கதவு அகலமே உள்ள ஒரு கடையில் டிவி பழுது பார்த்தார். ஆன்டெனா, ஒயர், ரிமோட் விற்றார். பொழுது சாய்வதற்கு முன் சாப்பிட்டுவிடுவது அவர்கள் வீட்டு வழக்கம். அதனால் மாலை ஐந்து மணிக்கெல்லாம் ஷட்டரை இறக்கிவிட்டு மொபெட்டில் கிளம்பிவிடுவார். இந்த ஊரில் டிவி கெட்டுப்போவதோ பெரும்பாலும் ஆறரை மணிக்கு, சீரியல் தொடங்கும் நேரத்தில். இதைச் சொல்லி யாராவது கோபித்துக்கொண்டால், "காலையில வரைக்கும் டிவி எங்கியும் ஓடிப் பூடாது. அதான் ஓடலயே" என்பார்.

எனக்கு அவர் பழக்கமானது நான்கு ஆண்டுகளுக்கு முன்பு. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலக்கையும் பேச்சும் போயிருந்தன. புதுச்சேரியில் பார்த்த மருத்துவர், "எதையாவது சொல்லிப் பேசவைத்துக்கொண்டே இருங்கள். விட்டுவிட்டால் உள்ள பேச்சும் போய்விடும்" என்றார். நாங்கள் என்ன சொல்லியும் அப்பா வாய் திறக்கவில்லை. ஒருநாள் டிவியில் ஒரு வேளாண் அதிகாரி மணிலா, அதாவது நிலக்கடலை, விதைப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அப்பா இடக்கையால் கட்டிலைத் தட்டி, "பொய்!" என்றார். மூன்று மாதத்தில் அவர் பேசிய முதல் சொல் அது. நாற்பது ஆண்டு மணிலா பயிரிட்டவர். அன்றிலிருந்து உழவர் நிகழ்ச்சிதான் அவருக்கு மருந்து. பேச்சுப் பயிற்சியாளர் வந்து தந்த பயிற்சியைவிட அந்த அதிகாரிகள் மேல் வந்த கோபம் அவருக்கு அதிகம் உதவியது.

இந்த நேரத்தில்தான் நான் கேபிளைத் துண்டித்தேன். கேபிள்காரன் என் தம்பியின் மைத்துனன். பிரிவினைப் பஞ்சாயத்தில் அவன் உட்கார்ந்திருந்த தோரணையை நான் மறக்கவில்லை. அந்த ஆளின் ஒயர் என் வீட்டுக்குள் வருவது எனக்குப் பிடிக்கவில்லை. தட்டு ஆன்டெனா வைக்கலாம் என்றால் அதற்கு மொட்டைமாடி வேண்டும். மொட்டைமாடி தம்பியுடையது. ஆகவே வீட்டுக்குள்ளேயே வைக்கும் ஆன்டெனாவைப் பற்றி ஒரு வாரம் படித்துவிட்டு, தரணி அண்ணன் கடைக்குப் போனேன்.

"சென்னையில் டிஜிட்டல் ஒளிபரப்புக் கோபுரம் இருக்கிறது. அதைப் பிடிக்க ஒரு நல்ல இண்டோர் ஆன்டெனா வேண்டும்" என்றேன்.

அவர் கையிலிருந்த ரிமோட்டைக் கீழே வைத்தார். "யார்கூட சார் சண்ட?"

"எதற்குக் கேட்கிறீர்கள்?"

"டிவி பாக்கறவன் வந்து ஆன்டெனா குடுன்னு கேப்பான். வீட்டுக்குள்ள வைக்கிற ஆன்டெனா குடுன்னு கேக்கறவன் யார்கூடயோ சண்ட போட்டுனு வந்தவன். மாடிக்காரன், இல்லன்னா வூட்டு ஓனரு."

கடையில் அப்போது இரண்டு வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். நான் எம்.எஸ்சி. இயற்பியல் என்பதைச் சொல்லி, அலைநீளம் பற்றிச் சிறிது விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு அந்த இருவரிடமும், "ஃபிசிக்ஸ் படிச்சவரே வந்துகிறாரு. ஆனா சென்னை டவருக்குத் தெரியணுமே அது" என்றார். அவர்கள் சிரித்தார்கள். அவர் மறைந்துவிட்டார் என்பதற்காக இதை நான் மன்னித்துவிட்டேன் என்று எழுதமாட்டேன்.

ஆனால் அன்று அவர் சொன்னவற்றில் ஒன்றுகூடப் பொய் இல்லை. என் முன்னால் மூன்று ஆன்டெனாக்களை எடுத்து வைத்தார். ஒன்று, முயல் காது போல இரண்டு கம்பி உள்ளது. இன்னொன்று காலண்டர் அட்டை மாதிரித் தட்டையாக, ஜன்னலில் ஒட்டுவது. மூன்றாவது, பூஸ்டர் பொருத்தியது. "பெட்டி மேல இத்தினி கிலோமீட்டர்னு போட்டிருந்தா மொதல்ல பெட்டிய மூடிக் குடுத்துடு சார். கிலோமீட்டர் போடறவனுக்கு உன் ஊரும் தெரியாது, உன் செவுரும் தெரியாது. பூஸ்டரு இருக்கிற சிக்னலத்தான் ஏத்தும். இல்லாதத ஏத்தாது, எரைச்சலத்தான் ஏத்தும். டவரு பக்கத்துல இருந்தா இந்த அட்டையே போதும், டவர் இருக்கிற பக்கத்து ஜன்னல்ல ஒட்டிட்டுத் தூங்கலாம். டிவி புதுசா இருந்தா உள்ளயே அந்த டியூனர் இருக்குதான்னு பாக்கணும், இல்லன்னா தனிப் பெட்டி வேணும். எல்லாம் சரி. ஆனா நம்ம செஞ்சிக்கு அந்த டவரு ரொம்ப தூரம்."

"ராணிக்கோட்டை மலைதான் மறைக்கிறது. அதற்கு ஏற்ற மாதிரிக் கோணத்தை மாற்றினால்..." என்றேன்.

"மலைய வுடு சார் பாவம். இந்த ஊர்ல சைக்கிள் பஞ்சர் ஆனாலும் மலையத்தான் சொல்றாங்க."

விற்க மாட்டேன் என்றார். ஆனால் மூன்றையும், ஒரு டியூனர் பெட்டியையும் பையில் போட்டுக் கொடுத்தார். "வெச்சுப் பாத்துட்டுத் திருப்பிக் குடு. நான் சொன்னா நம்ப மாட்ட. ஆன்டெனா சொன்னா நம்புவ."

பத்து நாள் நான் வீடு முழுவதும் அலைந்தேன். சமையலறை ஜன்னல், குளியலறை வெண்டிலேட்டர், பீரோவின் தலை. பின்னால் பித்தளைத் தாம்பாளத்தை நிறுத்தி அலைகளைத் திருப்பிப் பார்த்தேன். அப்பா கட்டிலிலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். உழவர் நிகழ்ச்சி இல்லாததால் பேச்சு நின்றிருந்தது. ஆனால் தாம்பாளத்தோடு நான் ஸ்டூல் மேல் நின்றபோது பாதி வாயால் சிரித்தார்.

பதினோராம் நாள் காலையில் நல்ல பனி. தட்டை ஆன்டெனாவை வடகிழக்கு மூலை ஜன்னலில் பிடித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று படம் வந்துவிட்டது. கட்டம் கட்டமாக உடைந்தாலும் படம்தான். தரணி அண்ணனுக்கு போன் செய்தேன். கடை திறக்க வந்துகொண்டிருந்தவர் நேரே வீட்டுக்கு வந்தார். அதற்குள் வெயில் ஏறி, திரை நீலமாகிவிட்டது.

"சத்தியமா வந்துச்சுண்ணா. நைனாவைக் கேளுங்க" என்றேன். எனக்கு அவ்வளவு ஆத்திரம்.

"வந்திருக்கும் சார். நான் இல்லன்னு சொல்லல. பனி குடுத்துச்சு, வெயிலு வாங்கினு பூடுச்சு. டெய்லி பனி பேஞ்சா உனக்கு டிவி தெரியும்." பிறகு அப்பாவின் கட்டிலில் உட்கார்ந்தார். "பெரியவரே, இன்னா பாப்பீங்க டிவியில?" என்று கேட்டார். அப்பா பேசாமல் இருந்தார். மருத்துவர் சொன்னதை நான் சொன்னேன். தரணி அண்ணன் முகத்தில் இருந்த கேலி போய்விட்டது.

"பாகப் பத்திரம் வீட்ல இருக்குதா? எடுத்துனு வா."

கொண்டுவந்தேன். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒரு பழைய டிவியின் சர்க்யூட்டைப் பார்ப்பதுபோல் விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். மூன்றாம் பக்கத்தில் விரல் நின்றது. கிணறு, மோட்டார், மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி ஆகியவை இருவருக்கும் பொது. தொட்டியைச் சுத்தம் செய்யவும் பழுது பார்க்கவும் இருவருக்கும் வழி உண்டு.

"தொட்டி எங்க இருக்குது?"

"மொட்டைமாடியில்."

"மொட்டமாடி அவருது. தொட்டி பொது. தட்ட தரையில வெக்க வேணாம், தொட்டியில மாட்டிடலாம்" என்றார். நான் படித்த படிப்பெல்லாம் இருந்தும் அந்தப் பத்திரத்தை அப்படி ஒருமுறையும் படித்ததில்லை.

மறுநாள் அவரே வந்து, தம்பியிடம் என்ன சொன்னாரோ, மேலே போய்த் தொட்டியின் தூணில் இலவசச் சேனல் தட்டைப் பொருத்தி, ஒயரைப் பின்சுவர் வழியாக எனக்கு இறக்கினார். தட்டு அண்ணாந்து, வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. "பாத்தியா, இது கிட்டத்தட்ட நேரா மேல பாக்குது. உன் ராணிக்கோட்டைக்கும் இதுக்கும் ஒரு வழக்கும் இல்ல" என்றார். அன்று மாலையே அப்பா ஒரு அதிகாரியைப் பார்த்து, "பொய். எவன்டா சொன்னான்?" என்றார். மூன்று சொல் ஒன்றாக வந்தது அதுதான் முதல் தடவை.

அடுத்த தை மாதத்தில் ஒருநாள் படம் நின்றுபோயிற்று. போன் செய்தேன், அவருடைய லைன் பிஸி. கால் மணி நேரத்தில் அவரே வாசலில் வந்து நின்றார்.

"கொரங்கு சார். கோட்டையிலருந்து எறங்கி வந்து தட்டு மேல ஒக்காந்துனுகிது."

"உங்களுக்கு யார் சொன்னது? எனக்குத்தான் லைனே கிடைக்கவில்லையே."

"உன் தம்பி சொன்னாரு. அவரு டிவியும் நின்னு பூடுச்சு இல்ல?"

அவன் டிவி ஏன் நிற்க வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. அவர் தலையைச் சொறிந்தார். அந்தத் தட்டின் நடுவே உள்ள மண்டைக்கு இரண்டு வாய் என்றும், ஒன்றிலிருந்து எனக்கும் இன்னொன்றிலிருந்து தம்பிக்கும் ஒயர் போகிறது என்றும் அப்போதுதான் சொன்னார். மைத்துனனோடு என் தம்பிக்கும் மனக்கசப்பாகி, அவனும் கேபிளைத் துண்டித்திருக்கிறான். மாடியில் ஏற விட வேண்டுமானால் தனக்கும் ஒரு ஒயர் வேண்டும், ஆனால் அண்ணனுக்குத் தெரியக்கூடாது என்பது அவன் போட்ட நிபந்தனை. ஓராண்டாக நாங்கள் இருவரும் ஒரே தட்டில் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

எனக்கு உச்சந்தலை சூடேறியது. "அந்த ஒயரை இப்போதே பிடுங்குங்கள்."

"பத்திரத்தப் பாத்துட்டுச் சொல்லு சார். தொட்டி பொது. தட்டு தொட்டியில இருக்குது. அப்போ தட்டு யாருது?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். மாடி ஜன்னலிலிருந்தும் ஒரு சிரிப்பு வந்தது. அது என் தம்பி மனைவியுடையது. நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். ஆனால் பிடுங்கச் சொல்லி மறுபடி கேட்கவில்லை.

அதன்பின் எத்தனை முறை குரங்கு தட்டைத் திருப்பியதோ, அத்தனை முறையும் அவர் வந்தார். மேலே போய்த் திருப்பி, கையிலிருந்த சிறு மீட்டரைப் பார்த்து முடுக்கிவிட்டு, கீழே வந்து அப்பாவிடம் சற்று நேரம் பேசுவார். அப்பாவைக் கோபப்படுத்த வேண்டுமென்றே, "மணிலாவுக்குத் தண்ணி எவ்ளோ வுட்டாலும் தாங்கும் இல்ல பெரியவரே?" என்று கேட்பார். அப்பா அவரைத் திட்டுவார். திட்டு நீள நீள அவருக்கு மகிழ்ச்சி. "இன்னைக்கு ஏழு வார்த்த சார்" என்று வெளியே வந்து என்னிடம் சொல்லிவிட்டுப் போவார். என் பள்ளியில் எனக்கு இளையவரைத் தலைமையாசிரியராக்கிய நிர்வாகம் உட்பட, என் வாழ்க்கையில் நான் கணக்கு வைத்திருக்கும் ஆட்கள் நிறைய. நன்றியோடு நினைக்க வேண்டியவர்கள் பட்டியல் மிகச் சிறியது. அதில் அவர் இருக்கிறார்.

வியாழன் மதியம் மேல்சித்தாமூரில் கூட்டம் நிறைய. யாருடைய டிவியையோ அவர் எப்படிச் சரிசெய்தார் என்று ஆளாளுக்குச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு பக்கம் நின்றேன், தம்பி ஒரு பக்கம் நின்றான். தனித்தனி பஸ்ஸில் திரும்பினோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை குரங்கு வந்தது. மொட்டைமாடியில் தடதடவென்று சத்தம். திரையில் சிக்னல் இல்லை. அப்பா ரிமோட்டை என்னிடம் நீட்டினார். நான் என்ன செய்வேன்? சற்று நேரத்தில் மேலே தொட்டிப் பக்கமிருந்து முற்றத்து வழியாகக் காலடி கேட்டது. இரும்பு உரசும் சத்தம். திரையில் படம் ஒரு கணம் வந்து, போயிற்று. மறுபடி வந்தது, மறுபடி போயிற்று. தம்பியிடம் மீட்டர் இல்லை. மேலே இருந்துகொண்டு டிவியைப் பார்க்கவும் முடியாது. சரியான இடத்தைத் தாண்டித் தாண்டிப் போய்க்கொண்டிருந்தான்.

அப்பா இடக்கையால் திரையைக் காட்டினார். பிறகு என்னை. பிறகு கூரையை. "சொல்லு" என்றார்.

நான் முற்றத்துக்குப் போய், ஜன்னல் வழியாகத் திரையைப் பார்த்தபடி கத்தினேன். "தாண்டிப் போச்சு! பின்னாடி வா!"

மேலே சத்தம் நின்றது.

"எந்தப் பக்கம்ணா?"

"ரோட்டுப் பக்கம். மெதுவா. இன்னும் துளி. வந்துச்சு, வந்துச்சு! அசையாத!"

"கைய எடுத்தா எறங்கிடும். ஸ்பேனரு படியாண்ட வெச்சுட்டேன். எடுத்துனு மேல வா."

எடுத்துக்கொண்டு ஏறினேன். இரண்டு மாடிக்கும் சேர்த்து முப்பத்தாறு படி. அவன் தட்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றான்; நான் நட்டை முடுக்கினேன். அவன் தலை நரைத்திருந்தது. கீழே அப்பா யாரையோ முழு வாக்கியத்தில் திட்டிக்கொண்டிருந்தார்.

தரணி அண்ணா, தட்டை இனி நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். போய் வாருங்கள்.