ஹாரனுக்கு ஸ்டென்ட் மாற்றிய கதை

என் நாத்தனார் டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். அங்கே கற்றுக்கொள்ள வருகிறவர்கள் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் ஹாரன். நான் வைத்திருந்தால் இன்னும் மோசமாக வைத்திருப்பேன்.

அவளுக்குக் கர்ப்பப்பையில் வந்த கட்டிக்குக் கதிர்வீச்சு கொடுத்தார்கள். கட்டி போனது, கூடவே இடது சிறுநீரகத்திலிருந்து சிறுநீர் இறங்கும் பாதையும் ஓரிடத்தில் குறுகிப்போனது. அது அடைத்துக்கொள்ளாமலிருக்க உள்ளே ஸ்டென்ட் என்ற மெல்லிய பிளாஸ்டிக் குழாய் கிடக்கிறது. சில மாதங்களுக்கு ஒருமுறை அதை மாற்ற வேண்டும். மாற்ற முடியாமல் போனால் முதுகில் துளைபோட்டுக் குழாய் செருகி, இடுப்பில் பை கட்டிவிடுவார்கள். அந்தக் குழாயோடு நாளெல்லாம் கார் சீட்டில் சாய்ந்து உட்கார முடியாது. ஹாரனின் பிழைப்பு அதோடு சரி.

பெண்களுக்கு மூத்திரப் பாதை குட்டை. அதனால் மயக்க மருந்தெல்லாம் வேண்டாம். மரத்துப்போக ஜெல் தடவிக் கீழ்வழியாகவே வேலையை முடித்துவிடலாம். எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி டாக்டர் ஒரு கம்பிக் கண்ணியை உள்ளே விட்டு, சிறுநீர்ப்பையில் சுருண்டு கிடக்கும் பழைய ஸ்டென்டின் வாலைப் பிடிப்பார். வால் வெளியே எட்டிப் பார்க்கும்வரை மட்டும் இழுப்பார். அதற்குள்ளேயே ஒரு மெல்லிய கம்பியைச் சிறுநீரகம்வரை ஏற்றி, பழையதை உருவிவிட்டு, புதியதை அதே கம்பிமேல் ஏற்றுவார். கம்பி ஏறுமுன் அதிகமாக இழுத்துவிட்டால் வழி தொலைந்தது.

முதல் தடவை ஹாரன் வெட்கத்தில் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு வெட்கப்பட்டதெல்லாம் டாக்டர்தான், அவ்வளவு பேச்சு. அண்ணி தலைமாட்டில் நின்றால்தான் படுப்பேன் என்று அடம்பிடித்து, எனக்கும் எக்ஸ்ரே கதிரைத் தடுக்கும் கனத்த ஈய அங்கியை மாட்டவைத்துவிட்டாள். தோள் கழன்றுவிடும்.

போன தடவை டாக்டர் வாலைப் பிடித்து இழுத்தபடி, "வலிக்குதாக்கா?" என்று கேட்டார்.

"எங்கிட்ட வண்டி கத்துக்க வர்றவங்களும் இப்படித்தான் டாக்டர். செவுத்துல மோதிட்டு, மோதிடுச்சான்னு கேப்பாங்க."

டாக்டருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கையும் சேர்ந்து குலுங்கியது. சிறுநீரகத்தில் இருக்கவேண்டிய ஸ்டென்டின் மேல்நுனி, திரையில் சரசரவென்று குறுகிய இடத்துக்குக் கீழே இறங்கிவிட்டது.

"அசையாதீங்கக்கா," என்றார். அவசரமாகக் கம்பியை விட்டார். அது குறுகிய இடத்தில் முட்டி மடங்கியது. திரும்ப விட்டார், மறுபடி மடங்கியது. ஹாரன் என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள், வாய் திறக்கவில்லை. அவளை வாயை மூடச் சொல்லிச் சொல்லி அலுத்தவள் நான். அன்று எதையாவது பேசித் தொலைய மாட்டாளா என்றிருந்தது. எனக்கு அவ்வளவு பயம்.

டாக்டர் நுனி வளைந்த வேறொரு கம்பியை வாங்கி, விரலால் உருட்டி உருட்டி ஏற்றினார். ஏறியது. புதிய ஸ்டென்ட் அதன்மேல் போய் உட்கார்ந்த பிறகுதான் அவர் மூச்சு விட்டார்.

"தப்பு என்னோடதுக்கா."

"சிரிக்க வெச்சது நான்தானே. அடுத்த தடவை வாய்க்கு பிளாஸ்திரி ஒட்டிட்டு வர்றேன்."

"வேணாம். நீங்க பேசாம கிடந்தப்பதான் எனக்குக் கை நடுங்குச்சு. நீங்க பேசுங்க. நான் கையை நிறுத்திட்டுச் சிரிக்கிறேன்."

ஹாரன் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அழுகைதான் வந்தது.