கனடாக்காரரின் புகாரும் கருஞ்சீரக எண்ணெயும்

தோஹா தொழில்பேட்டையில் நாங்கள் விற்பது பனியனில் படம் ஒட்டும் சூட்டு அழுத்த மெஷினும், எண்ணெய் வடிக்கும் துணிப் பைகளும். கனடாவில் ஒரு வாடிக்கையாளர் அந்தப் பையில் கஞ்சாவைப் போட்டு மெஷினில் அழுத்தினார். ரசாயனம் எதுவும் சேர்க்காமல், வெறும் சூட்டிலும் அழுத்தத்திலும் பிசின் எடுப்பாராம். அங்கே அதற்குச் சட்டத்தில் இடமுண்டு. இங்கே அந்தப் பெயரைச் சொல்வதற்கு முன் கதவைச் சாத்திவிட்டு வருவேன். பொன்னிறமாக வரவேண்டிய பிசின் தார் மாதிரி வருகிறது, பை மோசம் என்று புகார் அனுப்பிவிட்டார் மனிதர்.

புதிதாய்ப் பிறந்த மகளின் நாற்பதாம் நாளுக்கு ஊரில் இருப்பேன் என்று மனைவியிடம் வாக்குக் கொடுத்திருந்தேன். மகளை இன்னும் கையில் தூக்கியதில்லை. எங்கள் ஊர்க்காரரான மேனேஜரோ, "கம்ப்ளைண்ட் முடியட்டும் தம்பி, பொறவு லீவு" என்றுவிட்டார்.

பையில் குறையில்லை என்று நிரூபிக்க எதையாவது அழுத்திக் காட்ட வேண்டும். கனடாக்காரர் அழுத்துவதை நான் அழுத்தினால் ஊரென்ன, வெயிலைக்கூடப் பார்க்க முடியாது. நாங்கள் தங்கும் கேம்ப் சமையலறையில் யாரோ விட்டுப்போன பழைய கருஞ்சீரகம் இருந்தது. கடையில் புதிதாகவும் கொஞ்சம் வாங்கினேன். அதே மெஷின், அதே பை, அதே சூடு. புதியதில் தெளிந்த எண்ணெய் வந்தது; பழையதில் காறல் நாற்றத்தோடு கறுப்பாக ஏதோ வழிந்தது. வீடியோ எடுத்து அனுப்பி, உங்கள் சரக்கு எப்போது அறுத்தது என்று கேட்டேன்.

கார் ஷெட்டில் வெகுநாளாகக் கிடந்த மிச்சம், தண்டும் சருகும் கலந்தது என்று ஒப்புக்கொண்டார். அடுத்த முறை நல்ல பூவாகப் போட்டார், பொன்னாக வந்தது. மகிழ்ச்சி தாங்காமல் தினமும் படம் அனுப்பத் தொடங்கினார். ஒவ்வொன்றையும் அழித்தேன், அழித்தவை போய்ச் சேரும் இடத்திலும் தேடி அழித்தேன்.

புகார் முடிந்தது. லீவுக்குக் கையெழுத்துப் போட வந்த கஃபீல், நாங்கள் அர்பாப் என்று கூப்பிடும் அரபி முதலாளி, மேசையிலிருந்த கருஞ்சீரக எண்ணெயை எடுத்து முழங்காலில் தேய்த்துப் பார்த்தார். மறுநாள் மாடிப்படியைக் கைப்பிடி பிடிக்காமல் ஏறி வந்தார்.

"இவன் போனால் எண்ணெய் யார் பிழிவது? லீவு மாஃபி" என்று கையெழுத்துப் போடாமல் தாளைத் திருப்பித் தந்தார்.

"அல்ஹம்துலில்லாஹ் சொல்லு தம்பி, அர்பாபுக்கு ஒன்னைப் புடிச்சுப்போச்சு" என்று மேனேஜர் என் தோளைத் தட்டினார். அவர் கழுத்தை நெரிக்கலாம் போலிருந்தது.

நாற்பதாம் நாள், மெஷின் பக்கத்தில் நின்றபடி வீடியோ காலில் மகளைப் பார்த்தேன். ஆசையில் திரையைத் தொட்டேன். விரலிலிருந்த எண்ணெய் அவள் முகமெல்லாம் பரவியது. துடைக்கத் துடைக்க இன்னும் மங்கினாள்.